எழும்பி நின்ற எலும்பு

ஏணி வழுக்கியபோது அக்கா கத்தவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் வலது தோள்முனை தரையில் மோத விழுந்தாள். வெள்ளைப் பெயிண்ட் பக்கெட் கடகடவென்று உருண்டு ஒவ்வொரு படியாக இறங்கியது. ஜன்னலோரம் போனில் பேசிக்கொண்டிருந்த தம்பி திரும்பிப் பார்த்தபோது அவள் தோளைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள்.

இருவரும் சேர்ந்துதான் பெயிண்ட் வேலை எடுப்பார்கள். சுவர் அவனுக்கு, உயரம் அவளுக்கு. கை அவ்வளவு நீளம். 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் அவளைக் கூப்பிடுவான். அன்று அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

அவள் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தான். கழுத்தடிக் காறை எலும்பின் நுனி தோலுக்கடியில் முட்டிக்கொண்டு எழும்பி நின்றது. அதற்கு வெளியே தோள் சரிந்து தொங்கியது.

"தோள் கழண்டுடுச்சுக்கா. நான் ஏத்தி விட்டுடறேன்."

"உனக்குத் தெரியுமாடா?"

"வீடியோல பார்த்திருக்கேன். ஒரே இழு, டக்குனு உக்காந்துடும்."

அவன் அவளைப் படுக்க வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் அக்குளில் பாதத்தை ஊன்றினான். மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினான். மெல்ல இழுத்ததுமே அவள் போட்ட சத்தத்தில் காலியான வீடு அதிர்ந்தது.

"விடுடா! விரலெல்லாம் மரத்துப் போகுது!"

வலிக்கத்தான் செய்யும், பாதியில் விட்டால் கெட்டுவிடும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்த எலும்பைப் பார்த்தான். வீடியோவில் எதுவும் இப்படி மேலே துருத்திக்கொண்டு நிற்கவில்லை. கையை விட்டுவிட்டான்.

தரையில் விரித்திருந்த துணியைக் கிழித்து, அவள் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டினான். பெயிண்ட் சாமான் ஏற்றிவந்த வேனில் ஏற்றினான். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் பல்லைக் கடிப்பது கேட்டது.

"விரலை ஆட்டுக்கா."

"ஆட்டறேன். நீ ரோட்டைப் பாரு."

கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டான். திரும்பிப் பார்த்தான். அவள் கண்கள் மூடியிருந்தன, முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வேனை ஓரங்கட்டிவிட்டு, "அக்கா! அக்கா!" என்று கன்னத்தைத் தட்டினான்.

"வாயைத் திறந்தா வாந்தி வரும்டா," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "வண்டிய எடு."

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா முதலில் தோளைத் தொடவே இல்லை. மணிக்கட்டில் நாடி பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். மரத்துப்போனது குறைந்துகொண்டு வந்தது. எக்ஸ்ரே வந்ததும் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"இழுத்தீங்களா?"

"கொஞ்சம்தான், டாக்டர்."

"நல்லவேளை, அதோட விட்டீங்க. தோள் மூட்டுப் பந்து அதோட கிண்ணத்துலதான் இருக்கு. விலகினது அதுக்கு மேல இருக்கிற மூட்டு. காறை எலும்பைத் தோள்பட்டையோட கட்டி வச்சிருக்கிற நார் அறுந்திருக்கு. எலும்பு மேல ஏறின மாதிரி தெரியுது, உண்மையில கையோட பாரத்துல தோள்தான் கீழ இறங்கியிருக்கு. இழுத்தா இன்னும்தான் கிழியும்."

டாக்டரம்மா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப மோசமா இருந்தா ஆபரேஷன்தான்னு சொல்லிடுவேன். இது நடுத்தரம். கையைத் தாங்கற மாதிரி ஸ்லிங் போட்டு, வலி குறைஞ்சதும் பயிற்சி செஞ்சா நிறைய பேருக்குச் சரியாயிடுது. இந்த எலும்பு மேடு மட்டும் அப்படியே நிக்கும்."

"ஆபரேஷனே பண்ணிடுங்க, டாக்டர்," என்றான் தம்பி.

"தோள் யாருதுடா?" என்றாள் அக்கா.

வராந்தாவில் சண்டை வெடித்தது. முழுசாகச் சரியாக வேண்டும், நாளைக்கே கை தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று அவன் பொரிந்து தள்ளினான். பிறகு குரல் உடைந்தது.

"ஏணியப் பிடிச்சுக்கோன்னு சொன்னே. நான் போனை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அந்த மேட்டைப் பாக்கறப்பல்லாம் எனக்கு..."

"உன் கண்ணு உறுத்துதுன்னு நான் தோளை அறுத்துக்கணுமா?"

அவன் தலை குனிந்தான். அவளே அவன் முதுகில் இடது கையால் ஒன்று வைத்தாள்.

ஸ்லிங்கோடு வீட்டுக்கு வந்தாள். படுத்தால் வலித்தது; நாற்காலியில் சாய்ந்தே தூங்கினாள். தலை பின்னத் தெரியாத தம்பி அவளுக்குக் கயிறு முறுக்குவது போல் பின்னிவிட்டான். ஸ்லிங்கைக் கழற்றிய பிறகுதான் உண்மையான பயம் வந்தது. கை தோள் உயரம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. வாரங்கள் போயின. பிசியோதெரபிக்காரர் கையைத் தூக்கச் சொல்லாமல் முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்து இறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "அடித்தளம் ஆடினா மேல எப்படி ஏத்தறது?" என்பார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தம்பி எப்போதும் வெளியிலேயே உட்காருவான்.

ஒருநாள் உள்ளேயிருந்து, "இன்னும், இன்னும், மூச்சை விடுங்க," என்று பிசியோதெரபிக்காரர் குரல் கேட்டது. பிறகு விம்மல். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

கண்ணாடி முன்னால் அக்கா நின்றிருந்தாள். வலது கை காதை ஒட்டி நேராக மேலே நின்றது. மேடு மேடாகவே இருந்தது. கன்னம் முழுக்க ஈரம்.

"தொடாதே!" என்றாள். "கீழ இறக்கிட்டா மறுபடி வருமோ வராதோ. முதல்ல மூக்கைத் துடைச்சு விடுடா."