பாலம் வருது, கூடவே வாங்க

“நீயே கேட்டுடேன். என் புள்ள உன்னைக் கடிச்சா தின்னுடுவான்?” என்று பெட்டிக்குத் துணி மடித்துக்கொண்டே சொன்னார் பெய் ஷுன்.

“நீங்க கேக்க வேண்டியதை நான் கேக்கணுமாக்கும்.”

“அதைக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல யாலான். அவன் அம்மா படுத்திருக்கிற இடம். நீ கேட்டா அவனால முடியாதுன்னு சொல்ல முடியாது.”

“முடியாதுன்னு சொல்லத் தெரியாதவன்கிட்ட கேக்கத்தான் எனக்கு வெக்கமா இருக்கு.”

அவர் சிரித்தபடி, அவள் எடுத்து வைத்த கம்பளி உள்ளாடையைப் பெட்டியிலிருந்து உருவி வெளியே போட்டார். “குளிர்காலத்துல பூ பூக்குற ஊருக்கு இது எதுக்கு? ஆயுசு முழுக்க பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவன் நான். நம்ம ஹார்பின் குளிரே என்னை ஒண்ணும் பண்ணல!”

போன வாரம் நடந்த பேச்சு. இப்போது சூச்சோ நகரத்தின் பொடிப்பனியில் அமரர் ஊர்தி மின்மயானத்தை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் பெய் ஷுன் படுத்திருந்தார். ஒரு பக்கம் மகன் நிங்கும் மருமகள் தாவும். எதிர்ப்பக்கம் யாலான்.

பதினேழு வருடங்கள் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவள் அவள். இந்த வயதில் கல்யாணப் பதிவு எதற்கு என்று இருவருமே விட்டுவிட்டார்கள். வசந்தம்தோறும் கல்லறை துடைக்கும் நாளில் குடும்பமே கிளம்பிப் போய் நிங்கின் அம்மாவுக்கு ஊதுபத்தி ஏற்றும். யாலான் இடுகாட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்பாள். வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. அந்தக் கல்லில் முதல் மனைவியின் பெயருக்குப் பக்கத்திலேயே பெய் ஷுனின் பெயரையும், இன்னும் உயிரோடு இருப்பவர் என்பதற்கு அடையாளமாகச் சிவப்பில் வெட்டி வைத்திருந்தார்கள். இனி அவரும் அங்கே போய்விடுவார். தான் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுவோமோ என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே பயம்.

இந்தச் சுற்றுலாவில் எப்படியாவது கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பினாள். நான்ஜிங் கோட்டை மதிலில் நிங் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தான். யாங்சோ ஏரிக்கரையில் அபூர்வமாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்; அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. சூச்சோவில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

சூச்சோ விடுதியில், ஹார்பின் வீடுகளில் போல வெந்நீர்க் குழாய் ஓட்டி அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. சுவரே ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. “வெளிய பனி, உள்ள அதைவிடப் பனி. இந்த ஊர்க்காரங்க மனுசங்களா, மீனா?” என்று இரவெல்லாம் புலம்பிய பெய் ஷுன், காலையில் தோட்டத்துக்குப் போனதும் அடங்கிப் போனார். குளத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வளைந்து வளைந்து போகும் நடைக்கூடத்தின் ஓரத்தில், மெழுகில் செய்தது போல ஒரு மஞ்சள் பூமரம். அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார்.

“வாசனை நல்லாருக்கு. நீங்க போய் படம் எடுத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்.”

குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து படம் எடுத்தார்கள். பின்னால், பூமரத்தடியில், தொப்பியைச் சாய்த்துக்கொண்டு அவரும் படத்தில் விழுந்தார். “மாமா தூங்குறாரு, எழுப்பாதீங்க,” என்றாள் தாவ். யாலான்தான் முதலில் திரும்பி வந்தாள். அவருடைய புறங்கையில் விழுந்த பனி உருகாமல் இருந்தது. அந்தக் கையை எடுத்துச் சட்டைக் கைக்குள் நுழைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில், “நீங்க இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்கும் முன், “எங்க வீட்டு ஆளு,” என்றான் நிங். அது எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊர்தி ஓட்டுநர் திரும்பாமலே பேசினார். “வெளியூர்க்காரரா? அப்ப அவரு ஆவிக்கு வழி தெரியாதுங்க. பாலம் வர்றப்பல்லாம் சொல்லிடுங்க. சொல்லலேன்னா இக்கரையிலயே நின்னுடுவாரு. எங்க ஊர்ல நாலடிக்கு ஒரு பாலம்.”

நிங் தொண்டையைக் கனைத்தான். “அப்பா, பாலம் வருது.”

“பஸ் ஸ்டாப் சொல்ற மாதிரி சொல்றீங்க,” என்றாள் தாவ். சொன்னவளே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த பாலத்தில் அவன் குரல் கம்மியது. அதற்கடுத்ததில், “அப்பா, பா...” என்பதோடு நின்றுவிட்டது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். பாலத்தின் முதுகு பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

“என்னங்க,” என்றாள் யாலான். “பாலம் வருது, கூடவே வாங்க. வழுக்கும், மெதுவா. அவசரம் ஒண்ணுமில்ல.”

வண்டி ஏறி இறங்கியது.

“இடப்பக்கம் பாருங்க, படகுல ஒரு நாய் நிக்குது. யாரோ சட்டை போட்டு விட்டிருக்காங்க. அதுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்ல. என்னங்க, இன்னொரு பாலம். வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமா எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. நேத்து நீங்க நூடுல்ஸ் இனிக்குதுன்னு சண்டை போட்ட கடை இதுதான். வாங்க, வாங்க.”

சுற்றுலா இன்னும் முடியாதது போல இருந்தது. கண்ணாடிக்கு வெளியே கால்வாய்கள் வந்தன, போயின. எது தண்ணீர், எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தாவின் அழுகை ஓய்ந்திருந்தது. ஓட்டுநர்கூட அவள் சொல்லும் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஆன்ட்டி,” என்றான் நிங், தரையைப் பார்த்தபடி. “கடைசி வரைக்கும் நீங்களே கூப்பிடுங்க. உங்க குரலுக்குத்தான் வருவாரு.”

ஒரு பாலத்தடியில் வண்டி நின்றது. சிவப்புத் தொப்பிகளோடு ஒரு சுற்றுலாக் கூட்டம் பனியைப் படம் பிடித்தபடி குறுக்கே கடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. யாலான் கையுறையைக் கழற்றினாள். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“நிங்.”

அவன் நிமிர்ந்தான்.

“அஸ்தியோட ஊருக்குப் போனதும் உங்கம்மா பக்கத்துல இவரை வைப்பீங்கல்ல,” என்றாள். “அன்னிக்கு நானும் கேட்டுக்குள்ள வரட்டுமாப்பா?”