சனிக்கிழமை ஃபிளைட் ஃபுல்

விமானத்தில் எல்லா சீட்டும் ஒரே விலைக்கு விற்பதில்லை என்பதை அறந்தாங்கியில் ஐந்நூறு பேருக்காவது நான் விளக்கியிருப்பேன். நூற்று எண்பத்தாறு சீட்டு இருந்தால் முதல் இருபது ஒரு விலை, அடுத்த இருபது அதைவிடக் கூடுதல், இப்படியே ஏறிக்கொண்டு போகும். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்தால்தான் மேல்படி திறக்கும். ஏகாம்பரம் அண்ணனின் டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போடுகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவருக்குப் புரிந்து தலையாட்டும்போது எனக்கு வருகிற சந்தோஷம் சம்பள நாளில்கூட வந்ததில்லை.

திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு ஒரு கம்பெனிதான் பறந்துகொண்டிருந்தது. புதிதாக ஒரு கம்பெனி வந்து, பழைய விமானம் கிளம்பி நாற்பது நிமிடத்தில் தன்னுடையதைக் கிளப்பியது. பழையவன் விலையைக் குறைத்தான். புதியவன் அதற்கும் கீழே போனான். தினமும் இரண்டு விமானம், அவ்வளவு சீட்டையும் நிரப்ப ஆள் இல்லை. காலியாகப் பறக்கிற சீட்டுக்கு ஒரு ரூபாயும் வராது என்பதால் கடைசி வாரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அப்போது ஒட்டிக்கொண்டதுதான் கடைசி வாரம் வரை டிக்கெட் போடாமல் இருக்கிற பழக்கம். அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

பதினான்கு மாதத்தில் புதியவன் நஷ்டம் தாங்காமல் போய்விட்டான். அடுத்த மாதமே பழையவன் தினசரி விமானத்தை வாரம் நான்காக்கினான். வாரத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு சீட்டு இருந்த இடத்தில் எழுநூற்று நாற்பத்து நான்கு. போகிற ஆட்கள் குறையவில்லை. பழக்கமும் மாறவில்லை.

குழந்தைசாமி அந்த நேரத்தில்தான் வந்தார். ஷார்ஜாவில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் வேலை. இரண்டு மாத லீவில் வந்தவர் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து, இங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துவிடும். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தைய விமானம் சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு.

"கடைசி வாரம் வெல எறங்கும்லங்க?" என்றார், அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் முன்பு முதல் நாள் வந்தபோது.

"அந்தக் காலம் போச்சுங்க. இப்பவே போடணும்" என்று சொல்லித் திரையைப் பார்த்தேன். சீட்டு இல்லை. கொச்சி, சென்னை வழியாகப் பார்த்தேன். இருந்த விலை அவருடைய மூன்று மாதச் சம்பளம். யாராவது கேன்சல் செய்தால் போடலாம் என்று பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். ஊன்றுகோலோடு வந்தவர், பிறகு ஊன்றுகோல் இல்லாமல் வந்தார். "ஃபுல்லுங்க" என்பேன். "ஏரோப்ளேன்ல நின்னுக்கிட்டுப் போக விட மாட்டாங்களா?" என்பார். சீட்டு கேட்டு வந்த எல்லாருக்கும் "ஃபுல்" என்றே சொன்னேன். எல்லாரிடமும் ஜெராக்ஸ் வாங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் ஏகாம்பரம் அண்ணன் போன் செய்தார். கடைக்கு அவர் பதினொரு மணிக்குத்தான் வருவார். "ரஞ்சனி, சனிக்கிழமை குரூப்புல ரெண்டு பேரை மாத்தணும். புதுப் பேரு வாட்ஸப்புல வரும். என் லாகின்ல போய் லிஸ்டை எடுத்து வையி."

குரூப் புக்கிங் என்பது கல்யாண வீட்டார், யாத்திரை போகிறவர்கள் போன்றோருக்காக ஏற்பட்டது. கொஞ்சம் முன்பணம் கட்டி மொத்தமாக சீட்டைப் பிடித்துக்கொள்ளலாம், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பெயர்களைக் கொடுத்தால் போதும். கொடுத்த பெயரையும் செக்-இன் ஆகும் வரை கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. எங்கள் கடையில் அப்படி ஒன்று இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

திறந்தேன். பதினாறு சீட்டு. நாற்பது நாளாகப் பிடித்து வைத்தது. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினொரு பேர், நான் என் வாயால் "ஃபுல்" என்று சொல்லி அனுப்பியவர்கள். ஏழாவது பெயர் குழந்தைசாமி.

எப்படி என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெயர் கொடுக்க வேண்டிய நாள் வந்ததும் அண்ணன் ஜெராக்ஸ் ஃபைலைத் திறந்து, மேலே கிடந்தவற்றை எடுத்திருக்கிறார். மேலே கிடந்தவை சீட்டு கேட்டு வந்தவர்களுடையவை. சீட்டு கேட்டவன் பெயரிலேயே சீட்டை மறைத்து வைத்து, அவனிடமே இல்லை என்று சொல்லி, இரண்டு மடங்கு தருகிறவன் வந்ததும் பெயரை மாற்றுகிற வேலை. அந்த ஜெராக்ஸ்களை வாங்கிக் கொடுத்த என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மணி பத்து ஆகியிருந்தது. வழக்கம்போல் குழந்தைசாமி வந்தார். "இன்னைக்கும் ஃபுல்லுதானங்க? சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

"உக்காருங்க. ஒங்க பேர்ல டிக்கெட் இருக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகு உட்கார்ந்தார். விமானம் கிளம்ப நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கும்போது செக்-இன் திறக்கும், செக்-இன் ஆகிவிட்டால் அந்தப் பெயரை யாராலும் மாற்ற முடியாது என்று விளக்கினேன். இருபது நிமிடம் காத்திருந்தோம். பத்து இருபதுக்கு அவர் பெயரை அழுத்தினேன். போர்டிங் பாஸ் பிரின்டரிலிருந்து வெளியே வந்தது. குரூப் விலை எவ்வளவோ அதை மட்டும் அவரிடம் வாங்கி ரசீது போட்டேன். மற்ற பத்து பேரையும் ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள், அவர்களுக்கும் அழுத்தினேன். நான்கு பேர் ஏற்கெனவே கொச்சி வழி டிக்கெட்டுக்கு அந்த மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அண்ணன் உள்ளே வந்தபோது பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாளை எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? இந்த சீட்டுக்கு ஆளு வந்துக்கிட்டிருக்காரு."

"நான்தாங்கண்ணே அந்த ஆளு" என்றார் குழந்தைசாமி.

அண்ணனின் முகம் மாற ஒரு நொடிகூட ஆகவில்லை. "அட தம்பி, ஒங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன். கடைசில சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் ஓடுது. நாம மட்டும் யோக்கியம் பேசுனா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்." அது உண்மை. ஊரில் உள்ள ஐந்து கடையும் பிடித்து வைத்திருப்பதைக் கூட்டினால் பாதி விமானம் வரும். பிரின்டரில் வந்த அடுத்த தாளை எடுத்து அடுக்கினேன்.

குழந்தைசாமி கிளம்பவில்லை. திரையில் இருந்த பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பதினாறு பெயர் சேராததால் அண்ணன் அடியில் கிடந்த பழைய ஜெராக்ஸ்களையும் எடுத்துப் போட்டிருந்தார். பதின்மூன்றாவது பெயரில் விரல் நின்றது.

"வசந்தகுமாரு. இது ஆவுடையார்கோயில் வசந்தகுமாரா?"

பாஸ்போர்ட் விவரத்தைத் திறந்தேன். அதே ஊர்தான்.

"இவன் செத்து ஒரு வருசம் ஆகப் போகுதுங்க. எங்க ரூம்தான். சாரத்துலேருந்து விழுந்துட்டான். பொட்டியில வச்சு இதே ஃபிளைட்டுலதான் அனுப்புனோம்."

அண்ணன் மேசைமேல் கிடந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "தெரியாமப் போச்சு தம்பி. பேரை மாத்திட்டாப் போச்சு. அந்த சீட்டுக்குத்தான் இப்ப ஆளு வர்றாரு."

"மாத்த வேணாம்" என்றார் குழந்தைசாமி. அண்ணனைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னார். "அவனுக்கும் அதை அழுத்திருங்க."

"காலியாத்தானப்பா போகும்."

"போகட்டும்ங்க. அவன் பேரை வச்சு ஒங்களுக்குக் காசு வேணாம்."

அந்த ஒரு சீட்டு கிடைக்காமல் வேறு யாராவது தவிக்கலாம் என்று எனக்குத் தெரியும். வேறு ஒரு நாளாக இருந்தால் அதைப் பொறுமையாக அவருக்கு விளக்கியிருப்பேன். கம்ப்யூட்டர் சுவிட்சை அணைக்க அண்ணன் கையை நீட்டினார். அதற்குள் நான் அழுத்திவிட்டேன்.