பதினாறுக்கு முன் எடுத்த சாவி

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கோர்ட்டுக்கு வரும் கட்சிக்காரர்கள் பேச்சில் அதைவிடவும் கிடையாது. வஞ்சியூர் கோர்ட்டில் இத்தனை வருஷமாக உயில், வாரிசு, பாகம் என்றே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் வக்கீல் நான். செத்தவர்களைப் பற்றி உயிரோடு இருப்பவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அப்படிப்பட்ட நானே பொன்னம்மை வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

பொன்னம்மை தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், கட்டட வேலைக்காரர்களுக்குச் சோறு போட்டுப் பிழைத்தவள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளையும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து கொத்தனார் கூட்டத்தோடு தாயில்லாமல் வந்த பேச்சிமுத்துவை எடுத்து வளர்த்தாள். அவன் வளர்ந்து ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்த பிறகும் ராத்திரிச் சோறு அவளிடம்தான். தத்து என்று எழுத்தில் எதுவும் கிடையாது. அதனால் வீட்டை அவன் பேரில் உயிலாக எழுதி, உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்து, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தாள். தொண்ணூற்றெட்டில் ஆடி மாசம், இந்த ஊர்க் கர்க்கடக மழையில் கண்ணை மூடினாள்.

பேச்சிமுத்து உயிலை மெய்ப்பிக்கக் கோர்ட்டுக்குப் போனான். சுசீந்திரத்திலிருந்து அவளுடைய அண்ணன் மகன் தாணுமாலையன் வந்து குறுக்கே நின்றார். உயில் பொய், அத்தைக்குக் கடைசிக் காலத்தில் நிதானம் இல்லை, தீர்ப்பு வரும்வரை வீடு யார் கையிலும் இருக்கக் கூடாது என்று அவசர மனு போட்டார். அவர் கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். அந்த மண்ணை நல்ல விலைக்கு வாங்க ஒரு லாட்ஜ்காரர் கண் வைத்திருந்தார், அவ்வளவுதான். துக்கம் கழிவதற்கு முன்பே கோர்ட் என்னை இடைக்கால நிர்வாகியாகப் போட்டது. வழக்கு முடியும்வரை அவள் வீட்டு வரி, கரண்ட் பில், பூட்டு, சாவி எல்லாம் என் பொறுப்பு. நிர்வாகி என்பவர் இறந்தவரின் ஸ்தானத்தில் நிற்பவர். இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

உத்தரவோடு வீட்டுக்குப் போனேன். அவள் உயிர் போன இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் வீட்டுச் சாவி. பேச்சிமுத்து சுவரோரமாக நின்றான். அடுத்த வீட்டு அம்மிணி என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். அவள் மலையாளி, ஆனால் பொன்னம்மையோடு பழகிப் பழகி அந்த வீட்டு வழக்கமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்காரி செத்தால் பதினாறாம் நாள் வரை சாவி விளக்கடியில்தான் இருக்க வேண்டுமாம். பதினாறு கழிந்ததும், இனிமேல் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் தன் கையால் அதை எடுக்க வேண்டுமாம். முந்தி எடுத்தால், எடுத்தவர் கையோடு செத்தவளும் போய்விடுவாளாம்.

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். இதெல்லாம் எனக்கு எப்படி ஏறும்? கோர்ட் உத்தரவை நீட்டினேன். பதினாறாம் நாள் சடங்கைத் திருவல்லம் கோயிலில் வைத்து முடித்துக்கொள்ளச் சொன்னேன். தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது என்று விளக்கை ஊதி அணைத்தேன். சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டேன். அது எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. பேச்சிமுத்து ஒரு துணிமூட்டையோடு ஹோட்டல் மாடிக்குக் குடிபோனான். சந்து முனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

முதல் புகார் தாணுமாலையனிடமிருந்து வந்தது. வீடு திறந்து கிடக்கிறது என்று ஆபீசுக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தால், நாதாங்கியில் பூட்டு திறந்தபடி தொங்குகிறது, கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்கு விலகி நிற்கிறது. உள்ளே ஒரு துரும்பு காணாமல் போகவில்லை. ஆனால் தம்ளரில் புதுத் தண்ணீர் இருந்தது. அதன் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

பேச்சிமுத்துவை ஆபீசுக்குக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். கள்ளச்சாவி போட்டுத் திறந்தது தெரிந்தால் உயிலும் போகும், நீயும் உள்ளே போவாய் என்று மிரட்டினேன். அவன் தலையைக் குனிந்தபடியே நின்றான்.

"சத்தியமா உள்ள கால் வைக்கல மேடம். வேலை முடிஞ்சா நடைக்கு முன்னால வந்து நிப்பேன். நின்னு பாத்துட்டுப் போயிருவேன். கதவு தொறந்து கெடந்தப்பவும் உள்ள போவல. அத்தை கூப்பிடாம எப்படிப் போவ?"

செத்தவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று எரிந்து விழுந்து அனுப்பிவிட்டேன். அன்றே சாலை பஜாரில் கனமான ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். ஒரு சாவியைக் கோர்ட்டில் ஒப்படைத்தேன், மற்றது பழைய சாவியோடு என் கைப்பையில். அந்த வாரமே பூட்டு மறுபடியும் திறந்து தொங்கியது.

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு தொல்லை. கோர்ட்டிலிருந்து தம்பானூர் வரை நடந்து போய், நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிப்பது என் வழக்கம். அந்த நாட்களில் பஸ் தவறிக்கொண்டே இருந்தது. எப்போதும்போலத்தான் கிளம்புவேன், ஸ்டாண்டுக்குள் நுழையும்போது பஸ் போயிருக்கும். ஏன் இவ்வளவு நேரம் என்று என் கணவர் ஞானையன் கேட்டால், டிராஃபிக் என்பேன். நடந்து போகிறவளுக்கு என்ன டிராஃபிக் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. புடவை ஓரம் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல வெயில் நாளில் எங்கே மிதித்தாய் என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.

தாணுமாலையன் சும்மா இருக்கவில்லை. பேச்சிமுத்து அந்தி நேரத்தில் அந்த வாசலில் நிற்பதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கோர்ட் உத்தரவை மீறி வீட்டை உடைத்து நுழைகிறான், இப்படிப்பட்டவன் கையில் உயிலை நிறைவேற்றும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது, தண்டிக்க வேண்டும் என்று மனு வந்தது. ஜட்ஜ் என்னிடம் அறிக்கை கேட்டார். கதவைத் திறந்தது யார்? அவன் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அவனுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. எழுதவும் தயாராகத்தான் இருந்தேன். பூட்டைத் திறக்க வேறு யாருக்கு அவசியம்?

எழுதுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது என்று ஒரு சாயங்காலம் அம்மிணி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் என்னைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள். கதவை யார் திறக்கிறார்கள் என்று கேட்டேன். இந்த ஊரில் பெண் வக்கீலையும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எந்தா சாரே இப்படிக் கேக்கறது? சார் தானே தினமும் வந்து தொறக்கறது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்ன உளறுகிறாய் என்றேன். அவள் உளறவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான் வருவேனாம். தோளில் இதே பை. செருப்பை நடைக்கு இடப்பக்கம் கழற்றிப் போடுவேனாம். மழைக்காலத்தில் இறுகிப்போகும் அந்தக் கதவைப் பொன்னம்மை வலது தோளால் முட்டித்தான் திறப்பாள், நானும் அப்படியே முட்டுவேனாம். குழாயடியில் தம்ளரைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பேனாம். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவேனாம். கோர்ட்டில் அப்படி ஒரு சட்டம் இருக்கும் போல என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

"ஒரு நாள் 'வக்கீல் சாரே'ன்னு ரெண்டு தடவை விளிச்சேன். திரும்பல. நடக்கற நடையைக் கண்டுட்டு, வாயறியாம 'பொன்னம்மே'ன்னு விளிச்சுப் போயி. அப்போ திரும்பிப் பாத்தீங்க. பின்னே நான் வெளியில வரதில்ல, கேட்டோ."

சாவியைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். வக்காலத்துக் காகிதத்துக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தால் விளக்குத்திரி. நான் வாங்கியதில்லை. என் வீட்டில் திரிபோட்ட விளக்கே கிடையாது. பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அம்மிணி வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பயந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு பாவமும் செய்யாதவனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேனே என்பது நெஞ்சைக் குத்தியது. அவன் தினமும் அந்த வாசலில் வந்து நின்றிருக்கிறான். நான் அவனுக்காகக் கதவைத் திறந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அவள் கூப்பிடவில்லை என்று அவன் உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறான். இதை எந்த அறிக்கையில் எழுதுவது?

ஒரே வரிதான் எழுதினேன். கதவைத் திறந்தது நிர்வாகியாகிய நான். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்றேன். திறந்தால் பூட்டவும் தெரிய வேண்டாமா சுசீலாபாய் என்றார். கோர்ட் முழுக்கச் சிரித்தது. நிர்வாகி வீட்டைத் திறப்பது குற்றமில்லை என்பதால் மனு தள்ளுபடியானது. தாணுமாலையன் வராந்தாவில் என்னை முறைத்துவிட்டுப் போனார். பேச்சிமுத்து தூரத்தில் நின்று கும்பிட்டான். அவனைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். போகத்தான் போகிறேன் என்றால் புத்தியோடு போகிறேன், என் காலை நான்தான் நடத்துவேன். வேலைநாள் சாயங்காலங்களில் தெரிந்தே போனேன். தோளால் கதவை முட்டினேன், தண்ணீர் மாற்றினேன், தட்டால் மூடினேன், பூட்டினேன். முதல் சில நாள் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று நான் செய்வது சரியா என்று பார்ப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் பூட்டு அதற்குப் பிறகு தானாகத் திறந்து கிடக்கவில்லை.

உயிலில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். மற்றவள் அம்மிணி. கூண்டில் ஏறி, பொன்னம்மை நல்ல நிதானத்தோடு, தன் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டாள் என்று நேராகச் சொன்னாள். எவ்வளவு குறுக்கு விசாரணை செய்தும் அவள் பேச்சு மாறவில்லை. அடுத்த கர்க்கடகத்துக்கு முன்னால் உயில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. வீட்டைப் பேச்சிமுத்துவிடம் ஒப்படைக்க உத்தரவு.

சாவியை ஆபீசில் வைத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் முறை. நான் அப்படிச் செய்யவில்லை. அம்மிணியிடம் கேட்டேன். எங்கேயிருந்து எடுத்தீர்களோ அங்கேயே வைத்துவிடுங்கள், அவன் எடுக்கட்டும் என்றாள். சாயங்காலம் போய் அந்த இடத்தைத் துடைத்தேன். பைக்குள் கிடந்த திரியைப் போட்டு விளக்கேற்றினேன். கர்த்தர் மன்னிக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே பழைய சாவியோடு புதுச் சாவியையும் சேர்த்து விளக்கடியில் வைத்தேன். அடுப்படி வாசலில் நின்று காத்திருந்தேன்.

அவன் வேலை முடிந்து வந்தான். வாசலில் தயங்கி நின்றான். விளக்கைப் பார்த்தானோ என்னவோ, பழக்கதோஷத்தில் வாயில் தானாக வந்தது போல "வந்துட்டேன்" என்றான்.

"கையக் களுவிட்டு வாடே. சோறு ஆறுது."

சொன்னது என் வாய். குரல் என்னுடையதில்லை. அடிவயிற்றிலிருந்து, வெற்றிலை போட்ட கனத்தோடு வந்தது. அந்த வீட்டு அடுப்பில் ஒரு வருஷமாக நெருப்பில்லை. பொன்னம்மை பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பேச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை. "இந்தா வாறேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தான். என்னைக் கடந்து பின்பக்கம் போனான். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவன் அழுவதும் கேட்டது. எனக்கும் கண் நிறைந்தது, அது என் அழுகையா என்று எனக்குத் தெரியாது. ஈரக் கையோடு வந்து விளக்கடியில் குனிந்து சாவியை எடுத்தான். என் தோளிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இறக்கி வைத்தது போல இருந்தது.

நான் வருகிறேன் என்றேன். குரல் என்னுடையதுதான். செருப்பு நடைக்கு இடப்பக்கம் கிடந்தது. மாட்டிக்கொண்டு தம்பானூருக்கு நடந்தேன். அன்றைக்கு நெய்யாற்றின்கரை பஸ் எனக்காக நின்றுகொண்டிருந்தது.