மலை ஏறும் பஸ்

பஸ் மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியபோது, முன்சீட்டுக் கம்பியில் வைத்திருந்த நெற்றியை எடுக்காமலே தம்பி சொன்னான்: "அக்கா, கண்ணுக்குள்ள ஏதோ பெருசாகிட்டே வருது."

"காது அடைக்கிற மாதிரிதான் அதுவும். சும்மா இரு" என்று அதட்டினேன். சின்ன வயதிலிருந்தே அவனை அதட்டித்தான் எனக்குப் பழக்கம்.

அவன் எலக்ட்ரீஷியன். ஒயர் பதிக்கச் சுவரைக் கொத்தும்போது உளியிலிருந்து தெறித்த இரும்புத் துணுக்கு வலது கண்ணைத் துளைத்துவிட்டது. துணுக்கை எடுத்துத் தையல் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து உள்ளே விழித்திரை உரிந்து, பார்வையில் பாதியைக் கறுப்பாக மறைத்தது. முந்தாநாள் மறுபடி ஆபரேஷன். விழித்திரையை ஒட்டவைத்து, அது நகராமல் அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருந்தார்கள். குனிந்தே இருக்க வேண்டும், பிளேன் ஏறவே கூடாது என்றார் டாக்டர். "நாங்க எங்க சார் பிளேன் ஏறப் போறோம்" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். வீடு எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லாட்ஜிலேயே இருந்துவிடலாம் என்று தம்பி கெஞ்சினான். அந்த மூட்டைப்பூச்சிக் கட்டிலில் யார் கிடப்பது என்று இழுத்து வந்தவள் நான்தான்.

ஐந்தாவது வளைவில் வாந்தி எடுத்தான். "மலைன்னா அப்படித்தாம்மா" என்றார் கண்டக்டர். ஏழாவதில் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மலை ஏறிக்கொண்டிருக்கிறோம் என்றேன். எதிர்முனையில் நர்ஸ் பதறிவிட்டார்.

"மேல போகப் போக அந்த வாயு ஊதும்மா. கண் நரம்பு நசுங்கிடும். இப்பவே இறங்கி, கீழ கூட்டிட்டு வாங்க."

டிரைவர் மறுபேச்சில்லாமல் நிறுத்தி, எங்களை இறக்கிவிட்டுப் போனார். பட்டப்பகலிலும் மூடுபனி. கீழே போகிற வண்டி ஒன்றும் வரவில்லை. என் பிடிவாதத்தால் ஒரு கண் போகப் போகிறது என்று வாய்விட்டே அழுதேன்.

"அழாதக்கா. வெளிச்சம் தெரியுதான்னு பாப்போம்."

வலது கண்ணின் கட்டைப் பிரித்தேன். அவனுடைய நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். அப்போதுதான் மேல் வளைவில் ஒரு லாரி திரும்பியது. இரண்டு விளக்குகளும் எரிய, எங்களை நோக்கியே இறங்கி வந்தது. மறு கையை நீட்டி மறித்தேன். வெளிச்சம் தம்பியின் முகம் முழுக்க விழுந்தது.

அவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"வண்டிச் சத்தம் கேக்குதுக்கா. எந்தப் பக்கமிருந்து வருது?"