சம்மேளனம் தாங்கிய வானம்

"நீங்க கையை விட்டா என்னப்பா ஆகும்?" என்று ஒரு குழந்தை கேட்டாள். அப்பா உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டு, "வானம் விழும்மா" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொழுதுபோக்குத் தொழிலாளர் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் அப்போது பல வருடங்களாகத் தன் தலைமை அலுவலகத்துக்கு மேலே வானத்தை ஒரு கயிற்றில் பிடித்து வைத்திருந்தது. குழந்தை தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த சோற்றை அப்பாவுக்கு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுப் போனாள். அவருக்கு இரண்டு கையும் ஒழிவில்லை.

சம்மேளனத்தின் முதல் மாநாடு ஒரு பழைய நாடக அரங்கில் நடந்தது. ஆட்டம் இல்லாத நாள் என்பதால் வாடகை கேட்கவில்லை. பல நாடுகளிலிருந்து திரை இழுப்பவர்கள், வாத்தியக்காரர்கள், விளக்குக்காரர்கள், வேஷத்துணி தைப்பவர்கள், சர்க்கஸில் வலை கட்டுபவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. வாத்தியக்காரர்கள் தங்கள் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அடம்பிடித்ததில் பாதி மாநாடு கழிந்தது. கடைசியில் ஒரே ஒரு தீர்மானம் நிறைவேறியது: ஒரு நாட்டில் வேலைநிறுத்தம் நடந்தால், அந்த வேலைக்கு இன்னொரு நாட்டுத் தொழிலாளி போகக்கூடாது. எல்லாக் கையும் உயர்ந்ததைப் பார்த்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு திரை இழுப்பவர் சந்தோஷம் தாங்காமல் சீட்டியடித்துவிட்டார்.

நாடக அரங்குக்குள் சீட்டியடிப்பது பெருங்குற்றம். மேடைக்கு மேலே கயிறு பிடிப்பவர்களுக்குச் சீட்டிதான் உத்தரவு. ஒரு நீளச் சீட்டி என்றால் வானத்தை இறக்கு என்று அர்த்தம். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை கயிற்றுக்காரர்களும் பழக்க தோஷத்தில், கையில் ஒன்றுமே இல்லாதபோதும், பிடியைத் தளர்த்தினார்கள். அரங்கின் வர்ணத்திரை வானம் புது நீலம் பூசப் போயிருந்ததால் நிஜ வானம் இறங்கியது. கூரைக்குச் சேதமில்லாமல் உள்ளே வந்து, மேல்மாடத்து இருக்கைகளின் உயரத்தில் ஈரத்தோடு நின்றது. யாரோ கயிறு வீசினார்கள். எல்லோரும் சேர்ந்து இழுத்துக் கூரைக்கு மேலே ஏற்றினார்கள். அதற்கு மேல் அது ஏறவில்லை. மணல்மூட்டை கட்டிப் பார்த்தார்கள், இரும்புக் கொக்கியில் சுற்றிப் பார்த்தார்கள். முடிச்சு தானாக அவிழ்ந்தது. மனிதக் கை பிடித்தால் மட்டும் நின்றது. சீட்டியடித்தவரே முதலில் பிடித்தார். அன்றிலிருந்து அவருக்குச் சீட்டிக்காரர் என்று பெயர். குழந்தையின் அப்பா அவர்தான்.

கயிற்றை விட்டுவிட்டுப் போக முடியாததால் தலைமை அலுவலகமும் அந்த அரங்கை ஒட்டியே அமைந்தது. வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும், ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஓய்வு வேண்டும் என்று அங்கிருந்துதான் உலகமெல்லாம் எழுதினார்கள். சில இடங்களில் கொடுத்தார்கள், பல இடங்களில் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சங்கமும் முறைபோட்டுக் கயிற்றுக்கு ஆள் அனுப்பியது. அந்தத் தெருவில் துணி காயவில்லை. பறவைகள் சன்னல் உயரத்தில் பறந்தன. ஜனங்கள் பழகிக்கொண்டார்கள், மனுஷனுக்குப் பழகாதது எது?

பிறகு ஒரு பெரிய யுத்தம் வந்துபோனது, சம்மேளனம் இரண்டாக உடைந்தது. இரண்டாவது சம்மேளனம் எதிர்ச்சாரியிலேயே கட்டிடம் பிடித்தது. முதலாளிகளின் கைக்கூலி என்று அவர்களும், அந்நிய உளவாளி என்று இவர்களும் துண்டுப்பிரசுரம் போட்டுக்கொண்டார்கள். வானம் இறங்கியது பழைய சம்மேளனத்தின் தவறு, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று எதிர்க் கட்டிடம் அறிவித்தது. முறைக்கு வருகிறவர்கள் குறைந்து குறைந்து, சீட்டிக்காரரும் வேஷத்துணி தைக்கும் தையல்கார அக்காவும் மட்டுமே மிஞ்சினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சீட்டிக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அக்காவுக்கோ காய்ச்சல். ஒரு காலையில் மகள் ஓடிவந்து, "அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்கப்பா" என்றாள். கையை விட்டால் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்த பள்ளிக்கூடத்தின் மேல் வானம் இறங்கும். அவர் கயிற்றோடு நின்று அழுதார். சன்னல் திறந்திருந்தது, தெரு குறுகலானது. எதிர்க் கட்டிடத்திலிருந்து சினிமா ஆபரேட்டர் ஒருவர் இறங்கித் தெருவைத் தாண்டி வந்தார். இவரைக் கைக்கூலி என்று திட்டும் பிரசுரங்களை எழுதுகிறவர் அவர்தான்.

"தள்ளுய்யா" என்றார். "கைக்கூலிக்கும் பொண்டாட்டி உண்டுதானே? போய்ப் பாரு."

"உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா?"

"சன்னல் துடைக்க வந்தேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறந்து எனக்கு நன்றி கின்றின்னு சொல்லிடாதே, அப்புறம் சீட்டுக் கிழிஞ்சிடும்."

சீட்டிக்காரர் போனார். மனைவி கண்மூடும்வரை பக்கத்தில் இருந்தார், அடக்கம் முடித்து வந்தார். அத்தனை நாளும் ஆபரேட்டர் கயிற்றைப் பிடித்திருந்தார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. கயிற்றைக் கைமாற்றிவிட்டுப் போய், அடுத்த வாரமே சீட்டிக்காரரைக் கைக்கூலி என்று இன்னொரு பிரசுரம் எழுதினார். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று சீட்டிக்காரர் தினமும் யோசித்தார். கடவுளிடமும் வழி கேட்டார். கடவுள் அவசரப்படவில்லை.

வருடங்கள் போயின. பேசும் பெட்டிகள் வீட்டுக்குள் வந்தன, அரங்குகள் கடைகளாயின. இரண்டு சம்மேளனங்களும் மறுபடி ஒன்றாயின. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, நாற்காலிகள் மட்டும் தெருவைத் தாண்டி வந்தன. கயிற்றுக்கு மறுபடி ஆட்கள் சேர்ந்தார்கள். அக்கம்பக்கத்தின் புகாரால், எக்காரணம் கொண்டும் வானத்தை ஒரு சாண்கூட இறக்கக்கூடாது, இறக்கியவர் கயிற்றைத் தொடக்கூடாது என்று புதுக் கமிட்டி விதி போட்டது. கிழவரான சீட்டிக்காரருக்கு மத்தியான முறை ஒன்றை மட்டும் இரக்கப்பட்டு விட்டுவைத்தார்கள். மகள் வேறு ஊருக்கு வாழப்போயிருந்தாள். அந்த ஒரு முறைதான் அவருக்கு மிச்சம்.

ஆபரேட்டர் எதிர்க் கட்டிடத்தின் பின்னறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைத் தூக்கி எங்கும் கொண்டுபோகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவந்த தையல்கார அக்கா ஒருநாள் திரும்பிவந்து, "இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கார் தம்பி" என்றாள். "என்ன சொல்றார் தெரியுமா? ஆயுசு பூரா சன்னல் இல்லாத பெட்டிக்குள்ள நின்னு படம் காட்டினேன், கடைசியில படுத்த இடத்துலயும் சன்னலைத் திறந்தா சுவர்தான் இருக்குங்கறார். வானத்தைப் பார்க்கலாம்னா அதை அந்தக் கைக்கூலிப் பய பிடிச்சு வச்சிருக்கான், அவன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு சிரிக்கறார்."

சீட்டிக்காரரும் சிரித்தார். மறுநாள் மத்தியானம் கமிட்டி முழுவதும் கீழே சாப்பிடப் போயிருந்தது. தெருவில் யாரும் இல்லை. எந்தப் பக்கம் தளர்த்தினால் எந்த மூலைக்கு இறங்கும் என்று அவர் கைகளுக்குத் தெரியும். மெல்ல, கை மாற்றிக் கை மாற்றி, கயிற்றை விட்டுக்கொடுத்தார். எதிர்க் கட்டிடத்துக்கும் அதன் பின்னாலிருந்த சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில், பின்னறைச் சன்னல் நிறைய, ஒரு துண்டு வெண்மேகத்தோடு வானம் இறங்கி நின்றது. கமிட்டி கைகழுவும் சத்தம் கேட்கும்வரை அவர் அதை அங்கேயே நிறுத்திவைத்திருந்தார். பிறகு இழுத்தேற்றிவிட்டு, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, அடுத்த முறைக்காரரிடம் கயிற்றைக் கொடுத்தார். நீக்கிவிடுவார்களோ என்று கொஞ்சநாள் பயந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. சந்துச் சுவரில் இரண்டாம் மாடி வரைக்கும் ஈரம் ஏறியிருந்ததைக் குழாய்க் கசிவு என்று சொல்லிப் பூசிவிட்டார்கள். சன்னலுக்குள் படுத்திருந்தவரைத் தவிர, நடந்ததைப் பார்த்தவர் என்றால் மேலே இருப்பவர் ஒருவர்தான். அன்று மத்தியானம் அவரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இருந்தார்.