இரண்டு குண்டு, மூன்று ஓட்டை

செத்துப்போன மானுக்காக இதுவரை யாரும் என்னிடம் அழுததில்லை. மானைக் கொன்றும் பரிசு தரவில்லையே என்று அழுகிறவர்கள்தான் ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள். அதுவும் கேமில் வருகிற மான்.

ஒரு வேட்டை கேம் நடத்தும் கம்பெனியில், முறையீட்டு மேசையில் எனக்கு வேலை. அந்த கேமில் மிருகங்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை தரம் உண்டு. முயல் ஒன்று, மான் நான்கு, காட்டெருமை ஒன்பது. எந்தத் துப்பாக்கியால் எந்தத் தரத்தைச் சுடலாம் என்று எழுதிவைத்திருக்கிறோம். எருமை ரைஃபிளால் முயலைச் சுட்டால் பரிசு கிடையாது. பறவைத் துப்பாக்கியால் மானைச் சுட்டுத் துடிக்கவிட்டாலும் கிடையாது. பொருத்தமான துப்பாக்கி, மிஞ்சிப்போனால் இரண்டு குண்டு, அடிபட்டது ஓடினால் பின்னாலேயே போய்த் தேட வேண்டும். இத்தனையும் செய்தால் ‘கண்ணியப் பரிசு’. தோலுக்கு முழு மதிப்பெண், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை.

அந்த இலைக்காக எருமைமாடு மாதிரி வளர்ந்த ஆம்பிளைகள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது. பரிசு கிடைக்காதவர் தன் வேட்டையின் வீடியோவை அனுப்பி முறையிடலாம். நாங்கள் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும். ‘நான் நேர்மையான வேட்டைக்காரன், என் மனசாட்சிக்குத் தெரியும்’ என்று ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். வீடியோவைப் போட்டால், மனிதர் பீரங்கி போல ஒன்றை வைத்து வாத்தைச் சுட்டிருக்கிறார். இறகு மட்டும்தான் மிச்சம். இதில் மனசாட்சி வேறு. தள்ளுபடி என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினேன்.

ஆறு வருடமாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு முறையீட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது இரண்டு நிமிடம். இப்போதெல்லாம் வீடியோவைப் பார்ப்பதுகூட இல்லை. பக்கத்திலேயே கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் பட்டியல் கொடுக்கும்: எந்தத் துப்பாக்கி, மிருகத்தின் மேல் எத்தனை அடி, எவ்வளவு தூரம். அதில் அடி மூன்று என்று இருந்தால் மூன்று. அதற்கு மேல் இந்தக் கூட்டத்துக்கு என்ன மரியாதை?

எங்கள் மேசையில் இரண்டு பேர்தான். இன்னொருவருக்கு நான் வைத்த பெயர் ஆமை. நேரில் சார் என்றுதான் கூப்பிடுவேன், ஐம்பத்து மூன்று வயது மனிதர். முன்பு நிலம் அளக்கும் கம்பெனியில் இருந்தாராம். அந்தப் புத்தி போகவில்லை. ஒரு வீடியோவை நாற்பது நிமிடம் பார்ப்பார். நிறுத்துவார், பின்னால் தள்ளுவார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார். முகம் தெரியாத எவனோ ஒருவனின் பொம்மை மானுக்கு இத்தனை கவனிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

மேலாளருக்கும் பெயர் வைத்திருக்கிறேன்: சாந்தம். குரலை உயர்த்தாமலே ஆளை வீட்டுக்கு அனுப்பக்கூடியவர். மாதத் தொடக்கத்தில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"இந்த மேசைக்கு இனிமே ஒரு ஆள் போதும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. நான் யாரையும் தனியா பாக்கல. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அன்னிக்கு யாரு கணக்குல தப்பு கம்மியோ அவங்க இருப்பாங்க. நியாயந்தானே?"

நியாயத்தைப் பற்றி எங்கள் கம்பெனிக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

ஆமையின் மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். அது கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் ஓடுகிறது. எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு அக்கா வீட்டில் இருக்கிறேன், இஸ்திரி போடாத துணி குவித்திருக்கும் அறையில். "எத்தனை நாள் வேணா இரும்மா" என்று அத்தான் வாராவாரம் தவறாமல் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தான் ஒற்றை அறை வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். வேலை போனால் அந்த வீடும் போகும், அத்தானின் பெருந்தன்மை நிரந்தரமாகும்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலையில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு நான்கு தப்பு. அன்றுதான் ஓநாய்ராஜா வந்தான்.

ஓநாய்ராஜா என்பது அவன் கேமில் வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் என்ன பெயரோ. ஒரே மானுக்கு மூன்றாவது முறையாக முறையிடுகிறான். ‘ரெண்டு குண்டுதான் சுட்டேன், மூன்று என்று காட்டுகிறது’ என்று அதே பாட்டு. இரண்டு முறை நான் தள்ளுபடி செய்து, ‘எண்ணத் தெரிந்தவர்கள் துணையோடு விளையாடவும்’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். மூன்றாவது தடவை அது ஆமையிடம் போய்விட்டது.

மத்தியானம் வரை பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், ஒரு நிமிஷம் இதப் பாருங்களேன்."

"பாத்தாச்சு சார். மூணு அடி."

"அடி மூணுதான். ஆனா குண்டு ரெண்டு." திரையில் மானை நிறுத்தினார். தலையைக் குனிந்து புல் மேய்ந்துகொண்டிருந்தது. "எதிர்ல நின்னு சுடறான். குனிஞ்சிருக்கறதால குண்டு கழுத்துல பூந்து வெளிய வந்து, திரும்ப நெஞ்சுல பூருது. ஒரே குண்டு, பூந்த ஓட்டை ரெண்டு. இன்னொரு குண்டுக்கு ஒண்ணு, ஆக மூணு. கம்ப்யூட்டர் பூந்த ஓட்டைய எண்ணுது. நம்ம விதி குண்டைத்தானே எண்ணச் சொல்லுது?"

"மூணாவது குண்டு சத்தம் காத்துல கேக்காம போயிருக்கலாம்."

"இருக்கலாம்." அவர் ஒத்துக்கொண்டதே எனக்கு எரிச்சலாக இருந்தது. "அதான் சுட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். எங்க வீட்ல அந்த மெஷின் இல்ல. உங்க வீட்ல யாராச்சும் விளையாடுவாங்களா?"

ஆபீஸில் அந்த கேம் கிடையாது. தீர்ப்பு சொல்கிறவர்கள் வேலை நேரத்தில் விளையாடிவிடுவார்களாம், எடுத்துவிட்டார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களைக் கேட்டால் மூன்று வாரம் கழித்து ‘விரைவில்’ என்று பதில் வரும். எங்கள் கம்பெனியின் லட்சணம் அது. இன்னொரு கூத்தும் உண்டு. மேசையில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபட்டால் மூத்தவர் முடிவு செய்வார். வயதில் இல்லை, வேலையில் மூத்தவர். அதாவது என் தீர்ப்பு சரியா என்று பார்க்க வேண்டியவள் நான். அதிலும் தோற்றவர் கணக்கில் ஒரு தப்பு ஏறும்.

ஆமை ஆட்சேபத்தைப் பதிவு செய்தார். அது நேராக என் திரைக்கே வந்து நின்றது, நாளைக் காலை பத்து மணிக்குள் முடிவு சொல்லச் சொல்லி. நான் பழைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். இந்த மாதம் மட்டும் ‘மூன்று அடி’ என்று நான் தள்ளியது அறுபத்தொன்று. இது கவிழ்ந்தால் அத்தனையும் கவிழும்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனால் அத்தான் ஹாலில், எங்கள் கேமின் காட்டில் இருந்தார். பச்சையும் பழுப்பும் கலந்த தொப்பி, காதில் ஹெட்போன், மடியில் நொறுக்குத்தீனி டப்பா. நாற்பத்தேழு வயது. அக்கா அவருடைய கால்களைத் தாண்டித் தாண்டித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், மேயற மான் ஒண்ணை எதிர்ல நின்னு சுடுங்க. கழுத்துல."

அவர் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கினார். "மேயறப்ப சுடறது கண்ணியம் இல்லம்மா. அது சாப்பிடுது பாரு."

"காலைத் தூக்குங்க," என்றாள் அக்கா.

"விதியில அப்படி ஒண்ணும் இல்ல. சுடுங்க."

"விதி வேற, நம்ம மனசு வேற," என்று எனக்கு உபதேசம் செய்துவிட்டு, காலையும் தூக்காமல், சுட்டார். ஒரே ஒரு குண்டு. சத்தம் ஒன்று. மான் சாய்ந்தது. திரையின் மூலையில் எழுத்து வந்தது: அடிகள் 2.

இன்னொரு தடவை சுடச் சொன்னேன். மறுபடியும் இரண்டு. மூன்றாவது மானுக்கும் இரண்டு.

"அட, இது என்ன கோளாறு?" என்றார் அத்தான். "நான் ஒண்ணுதானே சுட்டேன். முறையீடு போட்டுடவா? உன்கிட்டதானே வரும்."

"போடாதீங்க," என்றேன்.

இனி எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. இஸ்திரித் துணிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு யோசித்ததாகச் சொன்னால் அதுவும் பொய். ஒற்றை அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு எழுதினேன்: ‘மறு ஆய்வு செய்யப்பட்டது. மூன்று அடிகள் உறுதி. ஆட்சேபம் தவறு.’ அடித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை நடுங்கவும் இல்லை. நடுங்கியிருந்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பதினோரு மணிக்கு சாந்தம் ஆமையை அறைக்குள் கூப்பிட்டார். கண்ணாடிச் சுவர் வழியாகத் தெரிந்தது, டீ வந்தது. இருபது நிமிடத்தில் வெளியே வந்து தன் மேசையை ஒழிக்க ஆரம்பித்தார். இழுப்பறையில் இருந்தது ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு ஸ்கேல், ஆஸ்பத்திரிக் கோப்பு ஒன்று. கோப்பை மட்டும் பைக்குள் தனியாக, மடங்காமல் வைத்தார். எப்படியும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்: காற்று, சத்தம், வீடியோ தெளிவில்லை, விதி விதிதான்.

"மேடம்," என்று என் மேசைக்கு வந்து நின்றார். "வீட்ல அந்த மானை சுட்டுப் பாக்க முடிஞ்சுதா?"

"இல்ல சார். நேரம் கிடைக்கல."

தலையை ஆட்டினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வீடியோவைப் பார்க்கிற மாதிரி இல்லை, சாதாரணமாக.

"அதானே பாத்தேன். பாத்திருந்தா நீங்க அப்படி எழுதியிருக்க மாட்டீங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க மேடம். தெரியாம நடக்கறது எல்லாருக்கும் நடக்கும். உள்ள சார்கிட்டயும் அதத்தான் சொன்னேன், அவங்க வேணும்னு பண்ற ஆளு இல்லன்னு."

"வீட்ல அவங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"இன்னிக்கு ரத்தம் சுத்தம் பண்ற முறை. இனிமே வேற இடம் பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். லிஃப்டுக்காக வெகுநேரம் நின்றார். நான் எழுந்து போயிருக்கலாம். பதினைந்து அடி தூரம்தான்.

லிஃப்ட் வந்தது. நான் திரையைப் பார்த்தேன். ஓநாய்ராஜாவிடமிருந்து பதில் வந்திருந்தது. கெட்ட வார்த்தை எதிர்பார்த்துத் திறந்தேன். ‘மூன்று முறை பார்த்துச் சொல்கிறீர்கள் என்றால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்தான்.

அதன் கீழே இன்றைய முறையீடுகள் வரிசையாக நின்றன. ஆமையின் பங்கும், அவர் பாக்கி வைத்திருந்ததும் இப்போது என்னுடையவை. வீட்டுக்குக் கிளம்புவதற்குள் நூற்றுத் தொண்ணூறைத் தள்ளினேன், ஒரு வீடியோவையும் திறக்கவில்லை.