உடனே சீனியரைக் கூப்பிடுவேன்

முதல் வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்பிய அவசரத்தில் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டாள். கணவன்தான் பார்த்துச் சொன்னான். குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சியை முடித்த டாக்டரம்மா இப்படித்தான் அல்லாடினாள்.

நேர்காணல் நடக்கும் ஊரில்தான் அவன் பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓர் ஊர், அவன் ஓர் ஊர். ஃபோனிலேயே சண்டை, ஃபோனிலேயே சமாதானம். சமாதானத்தின் பாதியில் அவள் தூங்கிப்போவாள். வார்டில் கண் மூடாமல் கிடந்துவிட்டு வந்தவளிடம் என்னவென்று கோபித்துக்கொள்வது? அந்த ஊரில் குழந்தை மருத்துவர் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான். அதுவும் கைநழுவினால், ஒரு நாள் ரயில் தொலைவில் அவளை ஏற்கெனவே வேலைக்கு அழைத்திருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குச் சரி என்று சொல்லவேண்டும். பழையபடி ஃபோனிலேயே குடித்தனம்.

கேள்வி கேட்டவர் தலைமை மருத்துவர். பிரசவம் பார்ப்பவர். பக்கத்தில் மேலாளர். முதலில் எல்லாம் தண்ணீர் பட்ட பாடாகத்தான் போனது.

"மூச்சுத் திணறலோட ஒரு குழந்தை வருது. கொடுத்த மருந்துக்குக் கேட்கலை. என்ன செய்வீங்க?"

அடுத்த மருந்தையும் அதன் அளவையும் சொன்னாள். அதற்கும் கேட்காவிட்டால் மூச்சுக்குக் குழாய் போட ஆயத்தம் செய்வேன் என்றாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். பயிற்சிக் காலம் முழுக்க எந்தப் பதிலையும் எப்படி முடித்துப் பழகியிருந்தாளோ அப்படியே முடித்துவைத்தாள்.

"உடனே சீனியரைக் கூப்பிடுவேன் மேடம்."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இங்கே குழந்தைகளுக்கு நீங்கள் ஒருத்தர்தானே, எந்த சீனியர் என்று தலைமை மருத்துவர் கேட்டார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கு என்ன பொருள் என்று வேலை தேடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்த கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரித்துத் தொலைத்தான். அவள் முறைத்தாள், பிறகு அழுதாள்.

"விடும்மா. நீ அங்க போய்ச் சேரு. நான் பின்னாடியே வந்துடறேன். கணக்கு வராத பிள்ளைங்க எல்லா ஊர்லயும்தான் இருக்கு."

அவனுக்கு இந்தப் பள்ளி எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இன்னும் அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் எண்ணைத் தேடும்போது ஃபோன் அடித்தது. தலைமை மருத்துவர்.

"நீங்க சொன்னீங்களே, உங்க சீனியர். எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பாரா?"

எடுப்பார், எனக்குப் பயிற்சி தந்தவர், எத்தனை முறை எழுப்பினாலும் ஒருநாளும் திட்டியதில்லை என்றாள்.

"முன்னாடி இங்க இருந்தவர் யாரையும் கூப்பிட மாட்டார். எனக்கும் கூப்பிட ஆள் கிடையாது. பிறந்த குழந்தை அழலைன்னா, அந்த நேரத்துல தனியா நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு பயமா இருந்தா என்னை எழுப்புங்க. எனக்கு பயமா இருந்தா நான் உங்களை எழுப்புவேன். திங்கட்கிழமை வந்துடுங்க."

அவள் தலையை ஆட்டினாள். ஃபோனில் தலையாட்டினால் தெரியாது என்று உறைத்த பிறகுதான் வர்றேன் மேடம் என்றாள்.

கணவனிடம், "வேலை கிடைச்சுடுச்சு" என்றாள்.

எந்த ஊரானாலும் வருகிறேன் என்று அவ்வளவு தெம்பாகப் பேசிய மனுஷன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். பேருந்துக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ குழந்தைகளின் அழுகையை அமர்த்தியவளுக்கு இந்த அழுகைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து வந்தது, போனது. அவர்கள் ஏறவில்லை.